மான் வாரத்துக் கெடு

ஆரின் டெஷ் எழுதிக் கொடுத்த தாள் பதினான்கு மாதங்களாக மார்டெல் குபியாக்கின் மேசை இழுப்பறையில் இருந்தது. அது அங்கே இருப்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆரினுக்கும் தெரியாது. தாள் அப்போதே பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

விஸ்கான்சினின் வடக்கே, பால் பண்ணைகளுக்கு எஃகுத் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலை அது. நூற்று நாற்பது பேர் வேலை செய்தார்கள். மார்டெல் அங்கே சம்பளப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். ஆரின் அவளுக்கும் முன்பே வந்தவர், வெல்டர். ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பகுதி ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் போகும். அது எந்தெந்த முதலீட்டு ஃபண்டில் போக வேண்டும் என்று அவரவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் முப்பத்தொரு ஃபண்டு இருந்தது.

முதலாளி லைல் பிராண்ட்வோல்டுக்கே அந்தப் பட்டியல் புரிந்ததில்லை. 2007 வசந்தத்தில் அவர் மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டி போட்டார். அவர், ஊர் வங்கியிலிருந்து ஒருவர், மார்டெல். வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது மார்டெல்தான். யார் எதில் போட்டிருக்கிறார்கள், ஏன் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளச் சாப்பாட்டு அறையில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"முதல் பத்தையும் பத்துப் பத்தாப் போட்டேன்" என்றான் தகடு வளைக்கும் ட்வெயின். "கூட்டிப் பாத்தா நூறு வந்துச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?"

"நான் பேரப் பாத்துப் போட்டேன்" என்றாள் ராக்சேன். "வளர்ச்சின்னு எதுல எழுதியிருந்துச்சோ அதுல எல்லாம்."

"ஒன் இடுப்புதான் வளந்துச்சு."

"ஒன் வாயி வளந்ததவிடப் பரவால்ல."

ஆரின் சாண்ட்விச்சைப் பிரித்தபடியே சொன்னார். "என்னோடது ஒரே வரி. எது அசையாதோ அதுல அத்தனையும். கமிட்டியம்மா, நீ எதை வேணா வெட்டு. என் அசையாத ஃபண்டுல மட்டும் கைய வெச்சிடாத."

அசல் குறையாமல், சிறு வட்டி மட்டும் தரும் ஒரு ஃபண்டு அது. எல்லோரும் அதை அசையாத ஃபண்டு என்றுதான் சொல்வார்கள். மார்டெலும் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் அவருடைய கணக்கை எடுத்துப் பார்த்தபோது அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. இருபது வருடச் சேமிப்பு, விலைவாசியோடுகூட ஓட முடியாத ஒரு மூலையில் கிடந்தது. இந்த மனிதருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையே என்று நினைத்தாள்.

கோடை முடிவதற்குள் முப்பத்தொன்று ஒன்பதாகிவிட்டது. அதில் அவளுக்குப் பிடித்தது ஒன்று. தொழிலாளிகள் வாயில் உடனே அதற்கும் பேர் வந்துவிட்டது, வயசு ஃபண்டு. ஓய்வு பெறும் வருடத்தைச் சொன்னால் போதும். பங்குகளில் எவ்வளவு, கடன் பத்திரங்களில் எவ்வளவு என்று அதுவே பார்த்துக்கொள்ளும், வயது ஏற ஏறப் பங்குகளைத் தானே குறைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட தேதிக்குள் தாள் எழுதித் தராதவர்களின் பணம், பழையதும் புதியதும், தானாகவே அவரவர் வயசு ஃபண்டுக்குப் போய்விடும் என்று கமிட்டி முடிவு செய்தது. "தெரியலன்னா எழுதாதீங்க. சும்மா இருங்க, அதுவே பாத்துக்கும்" என்று அவள் ஒவ்வொரு மேசையாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

கணக்குகளைப் பராமரித்த பாஸ்டன் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள். "தாளுக்குக் கெடு நவம்பர் இருபத்தொண்ணு, புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி. உங்களுக்கு வசதிதானே?"

மார்டெல் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். அந்த வாரம் முழுவதையும் யாரோ ஆரஞ்சு நிறத்தில் வளைத்திருந்தார்கள். மான் வேட்டை வாரம். தொழிற்சாலையில் பாதிப் பேர் காட்டுக்குள் குடிசைகளில் இருப்பார்கள். மீதிப் பேர் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த வாரத்தில் இந்த ஊரில் யாரும் கல்யாணம்கூட வைப்பதில்லை. பாஸ்டன்காரிக்கு அது தெரியாது.

"வசதிதான்" என்றாள் மார்டெல்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் ஒன்றுதான். யாரும் எழுதாமல் விட்டால் எல்லோரும் நல்ல இடத்துக்குப் போய்ச் சேருவார்கள் என்று அவள் நம்பினாள். கதவைத் திறந்துதான் வைத்தாள். ஆனால் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திறந்து வைத்தாள்.

வேட்டைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டே ஆரின் அவள் அறைக்கு வந்தார். கையில் தாள்.

"இந்தா. ஒரே வரி. நூறு சதவீதம், அசையாததுல."

"ஆரின், வயசு ஃபண்டப் பத்திச் சொன்னேனே, அத ஒரு தடவ..."

"நீ சொன்ன. நானும் கேட்டேன். என் வண்டி வெளிய ஓடிட்டிருக்கு."

"பணம் முப்பது வருஷம் வரணும் ஆரின். வெலையெல்லாம் ஏறிக்கிட்டே போகும்."

"மானு நிக்காதும்மா" என்றார். போய்விட்டார்.

தாளில் அவர் கையெழுத்து, தேதி, ஒரே வரி. எல்லாம் சரியாக இருந்தது. அவள் அதை மற்றத் தாள்களோடு சேர்க்கவில்லை. தனியாக ஓர் உறையில் போட்டாள். புதன்கிழமைக்குள் ஒருவேளை ஊருக்குள் வருவார், வந்தால் இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம். அவர் வரவில்லை. புதன்கிழமை மூன்றரை மணிக்கு, வந்திருந்த நாற்பத்தொரு தாள்களையும் ஒவ்வொன்றாகத் தொலைநகலில் அனுப்பினாள். கடைசித் தாள் போனபோது மணி நான்காகப் பத்து நிமிடம் இருந்தது. உறை மேசைமேல் இருந்தது. தொலைநகல் இயந்திரம் இரண்டு எட்டு தூரத்தில் இருந்தது.

அவள் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் பேசிப் புரியவைத்து, அவர் பிடிவாதமாக இருந்தால் மாற்றிக்கொடுத்துவிடலாம், ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கைத் தாண்டியது. உறையை எடுத்து இழுப்பறையில் வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஆரின் வந்தார். எட்டுக் கிளைக் கொம்பு உள்ள மான் விழுந்த கதையை வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதை முடிந்ததும் போகிற போக்கில் கேட்டார். "ஏம்மா, என் தாளு போயிடுச்சில்ல?"

மார்டெல் தலையை ஆட்டினாள்.

ஒரு சொல்கூட இல்லை, தலையாட்டல்தான். அதற்குப் பிறகு அவரோடு பேசிப் புரியவைக்க வழியே இல்லாமல் போய்விட்டது. பேச வேண்டுமானால் முதலில் அந்தத் தலையாட்டலைப் பற்றிப் பேச வேண்டும்.

ஜனவரியில் அவர் கணக்கு கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏறட்டும், பழைய இடத்துக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்று காத்தாள். மார்ச்சில் இன்னும் இறங்கியது. மே மாதம் ஆரினின் மனைவி ஜாய்ஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், நாற்பது மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். சனிக்கிழமை ஆரின் ஓட்டிக்கொண்டு போனார். செவ்வாயும் வியாழனும் தேவாலயத்துப் பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள். மார்டெலும் இரண்டு முறை ஓட்டினாள். வண்டிக்குள் ஜாய்ஸ் பேசிக்கொண்டே வந்தார். மார்டெல் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

"பிப்ரவரில அவருக்கு அறுபத்தஞ்சு முடியுது" என்றார் ஜாய்ஸ். "ஜனவரியோட வேலைய விட்டுடுவாரு. அப்புறம் உங்க யாரையும் தொந்தரவு பண்ண மாட்டோம்."

"தொந்தரவெல்லாம் இல்ல ஜாய்ஸ்."

"ஒங்களுக்கு இல்ல. அடுத்தவங்க வண்டியில வாந்தி எடுக்கறது எனக்குத்தான் தொந்தரவு."

அக்டோபரில் பங்குச் சந்தையே சரிந்தது. சாப்பாட்டு அறையில் யாரும் ஃபண்டைப் பற்றி வேடிக்கை பேசவில்லை. ராக்சேன் ஒருநாள் கேட்டாள், "சும்மா இருன்னு சொன்னியே மார்டெல், இன்னும் சும்மாவே இருக்கட்டுமா?" குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். மார்டெல், ஆமாம் என்றாள். அவள் சொன்னதைக் கேட்டுத்தான் தொண்ணூற்றெட்டுப் பேர் சும்மா இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் வயது இருந்தது, காத்திருக்கலாம். தொண்ணூற்றொன்பதாவது ஆள் சும்மா இருக்கவில்லை. எழுதிக் கொடுத்தார்.

அந்த ஆள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் மொகத்தத் தொங்கப் போட்டுட்டு இருக்கானுங்க. நான் ஒருத்தன்தான் நிம்மதியாத் தூங்கறேன். பாஸ்டன்லேர்ந்து வர்ற உறையப் பிரிக்கறதே இல்ல. அசையாததுல பாக்க என்ன இருக்கு? ஒன் வயசு ஃபண்டு எப்படி இருக்கு கமிட்டியம்மா, வயசாயிடுச்சா?"

மேசையில் எல்லோரும் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்கள். மார்டெலும் சிரித்தாள். அன்று மதியம் கழிப்பறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பழைய தாளை இப்போது அனுப்ப முடியாது. அனுப்பினால், விழுந்த இடத்திலேயே அவர் பணத்தைப் பூட்டியதாக ஆகும். அனுப்பாமல் இருந்தால் இன்னும் விழும்.

ஜனவரி இரண்டாம் வாரம் ஆரின் கதவில் தட்டினார். "முப்பதாம் தேதி கடைசி நாளு. அடுத்த வியாழக்கிழமை வர்றேன், என் தாளெல்லாம் எடுத்து வை. மாசம் எவ்வளவு எடுத்தா எத்தன வருஷம் வரும்னு கணக்குப் போட்டுக் குடு. ஜாய்ஸ் கேட்டுக்கிட்டே இருக்கா."

கணக்கு அவளுக்கு முன்பே தெரியும். கால் பங்குக்கும் மேல் போயிருந்தது. இப்போது இருப்பதை வைத்து அவர் இன்னும் மூன்று வருடம் வெல்டிங் கண்ணாடி போட வேண்டும்.

இன்னொன்றும் தெரியும். தொழிலாளி உரிய நேரத்தில் கொடுத்த தாளைக் கம்பெனி நிறைவேற்றத் தவறினால், அதனால் வந்த குறையைக் கம்பெனியே போட்டு நிரப்ப வேண்டும். சேமிப்புத் திட்டத்தின் விதிகளில் அது இருந்தது. தேதியும் கையெழுத்தும் போட்ட அந்தத் தாள் வெளியே வந்தால் போதும், ஆரின் முப்பதாம் தேதி வீட்டுக்குப் போகலாம். இத்தனை மாதமும் அவள் பூட்டி வைத்திருந்தது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் அறைக் கதவைச் சாத்தினாள். தாளை எடுத்து, சுவருக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவே இருந்த இடுக்கில் விட்டாள். பிறகு ஓர் அடிக்கோலை விட்டு மெல்ல இழுத்து எடுத்தாள். வருடக்கணக்கான தூசி அதில் படிந்து வந்தது. எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது, இப்போதுதான் கிடைத்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். பாவம் மார்டெல், எத்தனை வேலை அவளுக்கு என்பார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரம் கட்டினாள். பனி விழுந்து முன்கண்ணாடி மூடும்வரை அப்படியே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு ஆரின் வீட்டுக்குப் போனாள். ஆரின் சமையலறை மேசையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். ஜாய்ஸ் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு இருந்தார்.

"வா வா" என்றார் ஜாய்ஸ். "செவ்வாய்க்கெழம மொற ஒன்னோடதா?"

"இல்ல. ஆரினப் பாக்க வந்தேன்."

"ஞாயித்துக்கெழமகூட கமிட்டியா?" என்றார் ஆரின். "உக்காரு. காப்பி ஊத்திக்க."

அவள் உட்காரவில்லை. கோட்டைக் கழற்றவும் இல்லை. உறையிலிருந்து தாளை எடுத்து, கிழங்குத் தோல் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

ஆரின் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "இது என் கையெழுத்து."

"ஆமா."

"இது ஏன் இங்க இருக்கு?"

"அனுப்பல."

"அனுப்பலன்னா?"

"நான் அனுப்பல ஆரின். எடுத்து வெச்சுக்கிட்டேன். ஒங்க பணம் வயசு ஃபண்டுக்குப் போயிடுச்சு. அப்போலேர்ந்து அங்கதான் இருக்கு."

ஆரின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வரிதான் அதில். அதைப் படிக்க அவருக்கு அத்தனை நேரம் ஆனது.

"அந்தக் கத்திய மொதல்ல கீழ வெய்யுங்க" என்றார் ஜாய்ஸ்.

ஆரின் தன் கையைப் பார்த்தார். கத்தியைக் கிண்ணத்துக்குள் வைத்தார். "எவ்வளவு?"

"கால் பங்குக்கு மேல."

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"மொத நாள்லேர்ந்து. கேட்டீங்க, தலைய ஆட்டினேன். அப்பவே."

பிறகு அவள் விதியைச் சொன்னாள். இந்தத் தாள் இருந்தால் கம்பெனி குறையை நிரப்பித்தான் ஆக வேண்டும், நாளைக் காலை லைலிடம் போகப்போகிறேன் என்றாள். ஆரின் பாதியைத்தான் கேட்டதுபோல இருந்தது. தாளின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் தூசி வந்தது.

"எங்கயோ பின்னாடி விழுந்துடுச்சுன்னு சொல்லேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "லைலுக்கு அது போதும். பணம் வந்தா எனக்கும் போதும். நெசமாவே விழுந்த மாதிரிதான் இருக்கு, தூசி பாரு."

"அந்தத் தூசிய நான்தான் ஒட்ட வெச்சேன்."

ஆரின் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"நான் தப்பா எழுதிட்டேன்னு நெனச்ச."

"ஆமா. முப்பது வருஷம் வரணுமேன்னு..."

"முப்பது வருஷமா?" என்றார் ஜாய்ஸ். சிரித்தார், அது இருமலாக மாறியது. அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "யாருக்கும்மா முப்பது வருஷம்? இவரு தாள் எழுதின வருஷம் கோடையிலயே டாக்டர் சொல்லிட்டாரு, ரெண்டும் போகப்போவுதுன்னு. நாங்க யார்கிட்டயும் சொல்லல. இவரு வீட்டுக்கு வர்ற வரைக்கும் இருக்கறது கொறையாம இருந்தாப் போதும்னுதான் பாத்தோம். ரெண்டு வருஷம். அதுக்கு மேல நாங்க கணக்கே போடல."

மார்டெல் ஜாய்ஸின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாதுதான்" என்றார் ஆரின். "கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. சொல்லணும்னு என்ன இருக்கு? தாளு என்னோடது."

அவள் அதை எடுக்கக் கை நீட்டினாள். ஆரின் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு நானே கொண்டுவர்றேன்."

அவளும் சரி என்று தலையை ஆட்டப்போனாள். ஆட்டவில்லை. "சரி ஆரின்" என்று வாய் திறந்து சொன்னாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு லைலின் அறை வாசலில் ஆரின் வெல்டிங் அங்கியோடு நின்றுகொண்டிருந்தார். "நீ மொதல்ல போ" என்றார். அவள் போனாள். அவள் சொல்லி முடித்தபோது லைல் நெற்றியை அழுத்திக்கொண்டு இருந்தார்.

"மார்டெல், கைத்தவறுதலா தாள் தொலைஞ்சுதுன்னு எழுதுவோம். ரெண்டு வார்த்தை. வக்கீலுக்கும் சுலபம், ஒங்களுக்கும் சுலபம்."

"தொலையல லைல். நான் வெச்சிருந்தேன். அப்படியே எழுதுங்க."

"அப்படி எழுதினா ஒங்கள நான் கமிட்டில வெச்சிருக்க முடியாது. இந்த அறையிலயே வெச்சிருக்க முடியுமான்னு தெரியல."

"தெரியும்."

லைல் வாசலைப் பார்த்து ஆரினைக் கூப்பிட்டார். ஆரின் தாளை மேசைமேல் வைத்தார், நகல் எடுக்கும்வரை விரலை அதன்மேலிருந்து எடுக்கவில்லை. வெளியே நடைவழியில் அவள் மன்னிப்புக் கேட்டாள். முந்தின நாள் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"பணம் வரட்டும்" என்றார் ஆரின். வெல்டிங் பக்கம் நடந்தார்.

அவளைச் சரக்குக் கிடங்கின் ரசீதுகளைப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆரினும் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு அறையில் யாராவது முகத்துக்கு நேரே திட்டினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ராக்சேன் தன் கேக்கில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள். பணம் வருவதற்குக் காத்திருக்காமல் ஆரின் முப்பதாம் தேதியே போய்விட்டார். கடைசி நாள் எல்லோருக்கும் கை கொடுத்தார், அவளுக்கும் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்த அதே அளவுக்கு.

பிப்ரவரி நடுவில் ஒரு காலை லைல் கிடங்குக்கே வந்து, குறை முழுவதும் ஆரின் கணக்கில் ஏறிவிட்டது என்றார். "நீங்களே கூப்பிட்டுச் சொல்றதானா சொல்லுங்க."

அவள் கிடங்குத் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். மணி போனது. ஐந்தாவது மணியில்தான் அன்று செவ்வாய்க்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. வேலையை விட்டபின் செவ்வாயும் ஆரின் முறைதான், இந்நேரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார், பக்கத்தில் ஜாய்ஸ் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எடுக்க அங்கே ஆள் இல்லை. தெரிந்தும் அவள் வைக்கவில்லை. அந்தக் காலி வீட்டில் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள்.